யக்கா, பை தொறந்து கெடக்கு

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையிலிருந்து மழை வருகிற மாதிரி இருட்டு. வரவில்லை. மொட்டை மாடித் துணியை எடுத்து, திரும்பக் காயப்போட்டு, திரும்ப எடுத்தேன். அவ்வளவுதான் ஞாயிற்றுக்கிழமை.

அப்பா பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. கிசுகிசுக்கக்கூடக் கூடாதாம். கிசுகிசுத்தால் தொண்டைக்கு இன்னும் கெடுதலாம். எனக்கு இது புதுச் செய்தி. ரகசியம் பேசுகிறவர்கள் எல்லாரும் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டின் புதுச் சட்டம்:

ஒரு கைத்தட்டல் – நான்.
இரண்டு – அம்மா. ("நான் என்ன புறாவா, கையத் தட்டிக் கூப்பிடுததுக்கு?" ஆனால் வந்துவிடுகிறாள்.)
காபி – அம்மா போனுக்கு 'இனிய காலை வணக்கம்' ரோஜாப் படம். சாயங்காலக் காபிக்கும் அதே காலை வணக்கம்.
சோறு போதும் – கும்பிடுகிற கை.
லைட்டை அணை – நிலா.

எழுதிக் காட்டலாமே என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். எழுதுவது மனு கொடுக்க, லீவு லெட்டர் கொடுக்க. ரசத்தில் உப்பு இல்லை என்பதற்கெல்லாமா?

கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் மாமா மாடிப்படியில் அப்பாவைப் பார்த்தால் செவிடரிடம் பேசுவது போலப் பேசுகிறார். "சாப்… டாச்சா… சார்?" தெருவுக்கே கேட்கிறது. டீக்கடைக்காரர் நேர்மாறு. அப்பாவிடம் அவரும் கிசுகிசுக்கிறார். பேசக் கூடாதது அப்பாதான், காதுக்கு ஒன்றுமில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

இதை அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். சிரிப்பதும் கூடாதோ என்று பயந்து சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக் கடை வாசலில் நின்று ஆட்களைக் கூவி உள்ளே அழைப்பது அப்பாவின் வேலை. தினமும் ராத்திரி வரும்போது தெருவிலிருந்து எனக்கு ஒரு கிறுக்கு கொண்டுவருவார். ஒரு அம்மா சாயம் போகாத வெள்ளை கேட்டது. ஒருத்தர் புடவையைத் திருப்பிக் கொண்டுவந்து, வீட்டில் கலர் வேறு மாதிரித் தெரிகிறது, உங்கள் கடை லைட்டையும் கொடுங்கள் என்றது. கூட்டத்தில் வீட்டுக்காரரைத் தொலைத்த ஒரு அக்கா மைக்கில் அவர் பேரைச் சொல்லமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, கடைசியில் "ஏங்க" என்று மட்டும் கூப்பிட்டது. தெருவில் பாதி ஆண்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

இப்போது கிறுக்கு எதுவும் வருவதில்லை. நான்தான் சேர்க்க வேண்டும்.

அடையாறு. இந்தப் பேரையும் சேர்க்க வேண்டும். பஸ் கண்டக்டர் "அடையாறு, அடையாறு" என்று எவ்வளவு சத்தமாகச் சொல்கிறார். என் வகுப்பு ஜனனியின் அத்தை வீடு அடையாறில், பக்கத்திலேயே நல்ல ஐஸ்கிரீம் கடை. ஆனால் அம்மா போனில் "அடையாறுக்குப் போகச் சொல்லிட்டாங்க" என்னும்போது அந்தப் பேர் வரும் இடத்தில் குரல் இறங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் கேட்கிறவர்களும் எதற்கு என்று கேட்பதில்லை. அங்கே இருக்கிற ஆஸ்பத்திரி எந்த நோய்க்கு என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

எனக்குச் சொல்லியிருப்பது தொண்டைப் புண். நம்புகிறேன் என்று அவர்கள் நம்புகிறார்கள். தொண்டையில் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை முடிவு.

இருப்பது ஒரே அறை. அம்மாவின் தையல் மெஷின் விளக்கை மட்டும் போட்டு, துணியை மேலே போட்டு மறைத்து எழுதுகிறேன். அப்பா மூச்சு விடும்போது நடுவில் சின்னதாக ஒரு சத்தம். நேற்று அது இருந்ததா?


ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். ஸ்கூலில் கணக்கு மிஸ் "கடைசியா ஒண்ணு" என்று மூன்று முறை சொன்னார். மூன்றும் வீட்டுப்பாடம்.

ஸ்கூல் விட்டதும் ஜனனிக்குக் கிளிப் வாங்க ரங்கநாதன் தெரு. அவள் மயிலாப்பூர். இங்கே வந்தால் திருவிழாவுக்கு வந்த மாதிரி.

அப்பா கடை வாசலில் அப்பாவின் குரல்.

தெரிந்தே போனாலும் ஒரு நொடி வாசலில் அப்பாவைத் தேடினேன். ஆடித் தள்ளுபடிக்காக முதலாளி இந்த வருஷம் அப்பா கூவுவதைப் பதிந்து, வாசலில் ஒரு பெட்டி வைத்துப் போட்டுவிட்டார். "வாங்கக்கா வாங்க, வாங்கம்மா வாங்க, பூனம் இருக்கு, காட்டன் இருக்கு, பாக்குறதுக்குக் காசு இல்ல." பதிந்தது கடை வாசலிலேயே. நடுவில் யாரோ ஒரு அம்மா கைப்பையின் ஜிப் திறந்து கிடக்கப் போயிருக்கிறார். அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. வாசலில் கூவுகிறவர்களுக்குத் திருட்டுக் கையைப் பார்ப்பதும் வேலை. அதனால் கூவிக்கொண்டே இருந்தவர், சென்னைப் பேச்சு எல்லாம் மறந்து, எங்கள் ஊர்ப் பேச்சில்:

"யக்கா, பை தொறந்து கெடக்கு, பாத்துக்கிடுங்க."

அதுவும் பதிவாகிவிட்டது. வேறு பதியலாம் என்று அப்பா கெஞ்சினாராம். முதலாளி போட்டுப் பார்த்தார். தெருவில் போகிற பெண்கள் எல்லாரும் நின்று பையைப் பார்க்கிறார்கள். நின்றவர்கள் நிமிர்ந்தால் எதிரே புடவை. அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்.

இன்றைக்கும் அதே. "யக்கா" என்றதும் வரிசையாகத் தலைகள் குனிந்தன. ஜனனி ஸ்கூல் பையைக் கழற்றிப் பார்த்தாள்.

"அய்யோ, உங்கப்பாவா டீ அது? எங்காத்துல நான் சொன்னா ஒருத்தரும் கேக்கறதில்ல. உங்கப்பா சொன்னா ஒரு தெருவே கேக்கறது. எங்க, அவர் உள்ள இருக்காரா?"

"ம். உள்ளே பில் போடுறாங்க."

அந்த நேரம் அப்பா வீட்டில் பாயில் உட்கார்ந்து அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

மாம்பலம் ஸ்டேஷன் பாலம் ஏறும்போதும் கொஞ்சம் கேட்டது. அதற்கு மேல் ஸ்டேஷன் அறிவிப்பு. ரயில் தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று வருத்தமே இல்லாத குரல். அந்த அம்மா இப்போது எங்கே இருப்பார்? வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கலாம். குரல் மட்டும் இங்கே வருந்திக்கொண்டிருக்கிறது.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஸ்கூலிலிருந்து வந்தால் வீட்டில் நெய் வாசனை. கேசரி.

பண்டிகைக்கு அம்மா கேசரி செய்யமாட்டாள். பாயசம்தான். கேசரி வேறு. ஊரில் மாமா கடையை மூடியபோது கேசரி. அப்பாவை முதல் கடையிலிருந்து நிறுத்தியபோது கேசரி, முந்திரிப் பருப்பு போட்டு.

இன்றைக்கும் முந்திரிப் பருப்பு.

"என்ன விசேஷம்?"

"ரவ கெடந்துச்சு. வண்டு விழுந்துரும்லா, அதான்."

அப்பா ஒரு கரண்டி தின்றுவிட்டுக் கும்பிட்டார். எனக்கு இன்னொரு கரண்டி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் தின்றேன். மூன்று பேரும் நன்றாக இருக்கிறது என்பது போல உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அம்மா போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். சித்தியிடம் பேச. அம்மா இப்படித்தான் ரகசியம் பேசுவாள். ஆனால் எங்கள் குழாயில் இந்த நேரத்தில் தண்ணீர் சொட்டுத்தான் வரும். அது அவளுக்கு நினைவில்லை.

"ஆமா, அதேதான்… திங்கக்கெழம. தொண்டைக்குள்ள பெட்டி மாதிரி ஒண்ணு இருக்காம், அதோட எடுத்துரணுமாம். எடுத்தா உசுருக்குப் பயமில்ல, ஆனா இப்பம் பேசுத மாதிரி பேச்சு வராதாம்… பொறவு ஏதோ பயிற்சி இருக்காம், மெஷின் இருக்காம்… இல்ல, அவகிட்ட சொல்லல. பச்சப்புள்ள."

பச்சப்புள்ள கதவுக்கு வெளியே பக்கெட்டோடு நின்றது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பக்கெட்டைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்கும் கேட்டிருக்கும். ஒரே அறைதானே.

பயமாக இருக்கிறது. உசுருக்குப் பயமில்லை என்றுதான் அம்மா சொன்னாள். அதை மறுபடி மறுபடி சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு வருகிற 'ஆனா'தான் காதில் நிற்கிறது.

படுத்துக்கொண்டு தேடினேன். அப்பா குரல் எங்கே இருக்கிறது? போனில் அவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியதே இல்லை, நாள் பூரா கூவுகிறேன், போனிலும் கூவணுமா என்பார். சித்தி கல்யாண வீடியோவில் வருகிறார். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டு. வாய் நிறையச் சோறு.

கடைப் பெட்டியில் இருப்பதுதான். வேறு இல்லை.


ஆகஸ்ட் 13, புதன்

தூறல். குடை இல்லை.

ஸ்கூல் விட்டு நேராகக் கடை. தனியாக அந்தத் தெருவுக்குப் போகக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அவர் குரல் கேட்கிற இடத்தில் நின்றுகொண்டே அதை மீறினேன்.

வாசலில் செல்வம் அண்ணன். செக்யூரிட்டி. பெட்டியைப் போடுவது நிறுத்துவது அவர்தான். அப்பாவுக்குக் கடையில் இருக்கிற ஒரே சிநேகிதர், இருவரும் ஒரே டீயை இரண்டு டம்ளரில் குடிப்பவர்கள்.

"இன்னா பாப்பா, இஸ்கூல் வுட்டாச்சா? நைனா எப்டி கீறாரு?"

"நல்லா இருக்காங்க. அண்ணா, இந்தப் பெட்டியில இருக்கறத எனக்கு போன்ல ஏத்தித் தருவீங்களா?"

"எத்த? இத்தயா?" சிரித்தார். "நாள் பூரா கேட்டுக்கினு கீறேன், ராவுல கெனவுல வருது. என் வூட்ல நானே பையத் தொறந்து பாக்குறேன். உனக்கு இன்னாத்துக்கு?"

சும்மா என்றேன்.

"பென் டிரைவு முதலாளிது பாப்பா. கேக்காம கைய வெச்சா வேலைக்கு வேட்டு. சனிக்கெழமையோட ஆடி முடியுது. ஞாயித்துக்கெழம வெளம்பரக்காரன் வந்து இத்த அழிச்சிட்டு புதுசு போட்றான். பொம்பள வாய்சு, மூசிக்கோட."

"அழிச்சிடுவாங்களா?"

"பின்ன, ஆவணியில ஆடித் தள்ளுபடின்னு கூவ முடியுமா?" கொஞ்சம் யோசித்தார். "உனுக்கு இன்னா கவல? நைனாதான் வூட்ல கீறாரே. ரெண்டு நாள்ல தொண்ட சரியாயிடும். அவரையே கூவச் சொல்லிப் புடிச்சிக்கோ."

அவருக்கும் சொல்லவில்லை போல. லீவு கேட்கும்போது தொண்டைப் புண் என்றுதான் சொல்லியிருப்பார்கள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அப்பாவிடமிருந்து தலையாட்டப் பழகியாயிற்று.


ஆகஸ்ட் 14, வியாழன்

ஒன்றும் ஓடவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர்: "உள்ள போ, உள்ள போ, உள்ள காலியா கீது." உள்ளே கால் வைக்க இடமில்லை. எந்த பஸ்ஸிலும் கண்டக்டருக்கு மட்டும் தெரிகிற ஒரு காலி இடம் உள்ளே இருக்கிறது.

இது நல்ல கிறுக்கு. அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார், சத்தம் இல்லாமல். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டார். இனிமேல் சொல்லமாட்டேன்.

பேசுகிற அப்பாவைக் கனவில் பார்ப்பேனா? கனவில் குரல் கேட்குமா, இல்லை கேட்கிற மாதிரி நினைப்புத்தானா? ஜனனியிடம் கேட்டேன். "கேக்கறதுன்னுதான் நெனைக்கறேன்டீ. எங்க தாத்தா சொப்பனத்துலயும் திட்டிண்டேதான் இருப்பார்" என்றாள். அவள் தாத்தா போன வருஷம் இறந்தவர். அது கொஞ்சம் ஆறுதல். கொஞ்சம்தான்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். ஆரஞ்சு மிட்டாய். போட்டோ எடுக்க வேண்டும் என்று பொய் சொல்லி அம்மா போனை வாங்கிப் போயிருந்தேன். கொடியை ஒரே ஒரு போட்டோ.

அங்கிருந்து தெரு. ஆடியின் கடைசி வெள்ளி, லீவு நாள் வேறு. நடக்கவே வேண்டாம், கூட்டம் கொண்டுபோய் விடுகிறது. கடைக்கு எதிரே சுவரோடு ஒட்டி நின்று, போனில் வீடியோவைப் போட்டுத் தூக்கிப் பிடித்தேன்.

வீட்டில் வந்து கேட்டது:

சோளக்காரர் "சூடா சூடா".
விசில் விற்கிறவர், விசிலில்.
ஒரு குழந்தை "எனக்கு அது இல்ல, அது" என்று அழுவது.
ரயில்.
எல்லாவற்றுக்கும் அடியில், "வாங்க… ங்க… ம்மா".
பிறகு "யக்கா, பை" வருகிற சரியான நேரத்தில் பக்கத்தில் ஒரு அம்மா: "ஏம்மா பொண்ணு, போனை உள்ள வெய்யி, புடிங்கினு ஓடிடுவான்."

அவ்வளவுதான். யாரோ ஒரு அம்மா எனக்குச் சொன்ன பத்திரம் நன்றாகக் கேட்கிறது. அப்பா ஊருக்குச் சொன்ன பத்திரம் கேட்கவில்லை.

அழிக்க மனமில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.


ஆகஸ்ட் 16, சனி

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. புழுக்கம்.

அம்மா பார்த்துவிட்டாள். கொடி போட்டோவைத் தேடியிருக்கிறாள். அதற்கு அடுத்து அந்த வீடியோ. முழுதாகக் கேட்டாள். மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டாள்.

"ஏட்டி. உனக்கு எப்பம் தெரியும்?"

"கேசரி அன்னைக்கு."

"குழாய தொறந்துல்லா விட்டேன்."

"தண்ணி வரல."

அம்மா சிரிக்கத் தொடங்கி அது வேறு மாதிரி முடிந்தது. அப்பா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். தன்னைத்தான் கேட்கிறார் என்று அவருக்கு முதலில் தெரியவில்லை. விசில் சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தார். பிறகு தெரிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அப்புறம் எழுந்து சட்டை மாட்டினார். ஒன்று தட்டினார், இரண்டு தட்டினார். இருவரும் வரவேண்டும்.

மாஸ்க் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கினோம். அப்பா முன்னால். கூட்டத்தில் அவர் நடக்கிற விதமே வேறு, தண்ணீர் போகிற மாதிரி. கடைக்கு எதிரே போய், நான் நேற்று நின்ற அதே சுவரோரம் நின்றார். உள்ளே போகவில்லை. வாடிக்கையாளர் மாதிரி நின்று தன்னைக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து கடையைப் பார்ப்பது முதல் தடவையாக இருக்கும்.

"வாங்கக்கா வாங்க, வாங்கம்மா வாங்க…"

கையால் தாளம் போட்டார். ஒரு இடத்தில் உதட்டைப் பிதுக்கினார், அங்கே இழுவை போதாது என்பது போல.

"யக்கா, பை தொறந்து கெடக்கு, பாத்துக்கிடுங்க."

தெரு குனிந்தது. அம்மாவும் குனிந்தாள். அம்மா பை நிஜமாகவே திறந்து கிடந்தது. ஆஸ்பத்திரி ஃபைல் பாதி வெளியே.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கி, கண்ணில் நீர் வந்து, சத்தமே இல்லாமல். அம்மா ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே, "ஊருக்கெல்லாம் சொல்லுதீயளே, வீட்டுல உள்ளவளுக்கு இப்பம்தான் சொல்லத் தோணிச்சாக்கும்" என்றாள். பக்கத்தில் போனவர்கள் எங்களைப் பார்த்தார்கள். சந்தோஷமான குடும்பம் என்று நினைத்திருப்பார்கள்.

செல்வம் அண்ணன் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "இன்னா முத்தண்ணே, மாஸ்கெல்லாம் போட்டுக்கினு." அம்மா அவரிடம் சொன்னாள். முழுதாக. அடையாறு என்பதைக் குரல் இறங்காமல் சொன்னாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். மாட்டினார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்து, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல பாப்பா" என்றார். பெட்டி மட்டும் பூனம் இருக்கு, காட்டன் இருக்கு என்றது.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. நாளை விடியும் முன் கிளம்ப வேண்டும். பை கட்டி வாசலில் இருக்கிறது. துண்டு, டம்ளர், ஃபிளாஸ்க், போன் சார்ஜர். அம்மா ஜிப்பை இரண்டு முறை பார்த்தாள்.

பால் வாங்கப் போனபோது பாலம் மேல் ஏறிப் பார்த்தேன். புதுக் குரல். இனிமையாகத்தான் இருக்கிறது. "மங்களகரமான ஆவணி முகூர்த்தத்திற்கு" என்று ஒரு அக்கா, பின்னால் வீணை. யாரும் நிற்கவில்லை. யாரும் குனியவில்லை.

சாயங்காலம் செல்வம் அண்ணன் வீட்டுக்கே வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ்.

"அழிக்கறதுக்கு மின்னயே முதலாளி கையில கேட்டேன். பென் டிரைவை அவரே புடுங்கிக் கையில குட்த்துட்டாரு. வெட்டி ஒட்றதுக்கு மின்ன இருந்த மொத்தமும் இதுல கீது." அப்பாவிடம் மட்டும் சத்தமாகவும் பேசவில்லை, கிசுகிசுக்கவும் இல்லை. எப்போதும் போலப் பேசினார். "சீக்கிரம் வாண்ணே. அந்தப் பொம்பள வாய்சுக்கு டீ வாங்கித் தர முடியல."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். போகும்போதுதான் விட்டார்.

இப்போது இருவரும் படுத்தாயிற்று. செல்வம் அண்ணன் அம்மா போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனதை இயர்போனில் மொத்தமும் கேட்டேன். தெருவில் வராததெல்லாம் இருக்கிறது. முதலில் "இப்பம் பேசலாமா? செரி." ஒரு இருமல். நடுவில் எல்லாம், வாங்க, பூனம், யக்கா. கடைசியில் முதலாளி ஏதோ கேட்கிறார். அப்பா:

"போதுமா முதலாளி? தொண்ட ஒரு மாதிரி கெடக்கு. செல்வம், ஒரு டீ சொல்லு."

ஆடிக்கு முன்னாலேயே தொண்டை அப்படி இருந்திருக்கிறது. ஊரில் யார் பை திறந்து கிடந்தாலும் முதலில் பார்க்கிறவர்.

கேசரியை நினைத்தேன். அம்மா இன்றைக்குக் கேசரி செய்யவில்லை. சோறும் ரசமும்தான். அதை நல்ல அறிகுறி என்று எழுதி வைக்கிறேன். திரும்பி வந்ததும் பாயசம் கேட்கவேண்டும். அப்பாவுக்குப் பாயசத்துக்கு ஒரு படம் கண்டுபிடிக்கவேண்டும், ரோஜா காபிக்குப் போய்விட்டது. கண்டக்டரின் காலி இடத்தைச் சொல்லியாயிற்று. சேர்த்து வைத்ததில் ஸ்டேஷன் அம்மா இருக்கிறார், ஹவுஸ் ஓனர் இருக்கிறார், கணக்கு மிஸ்

கைத்தட்டல். இருட்டில், மெதுவாக.

இன்னொன்று வருகிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒன்றுதான்.